பெட்டிக்கு ஒரு காய்

கண்டியில் கலஹா பஸ்ஸில் ஏறியதும், காலியாகக் கிடந்த முதல் இருக்கையில் இரண்டு பைகளோடும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பௌத்த பிக்கு ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர் என்றால் எழுந்து இடம் கொடுத்திருப்பேன். இவருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம், ஆளும் நல்ல திடமாக இருந்தார். நிற்கட்டுமே என்று ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே என்னைப் பார்ப்பது தெரிந்தது.

பின்னால் இருந்த பெண் என் தோளைத் தட்டினாள். "அக்கா, அது சாமிமாருக்கு ஒதுக்குன சீட்டு. மேல எழுதியிருக்கு பாருங்க." நிமிர்ந்து பார்த்தேன். தமிழிலும்தான் எழுதியிருந்தது. பிக்கு சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "பரவாயில்ல, உக்காந்துக்கச் சொல்றாரு. ஆனா நீங்க எந்திரிச்சிருங்க" என்றாள். எழுந்தேன். அதற்குள் மற்ற இருக்கைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. கலஹா வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

நான் வத்தலகுண்டுக்கு மேலே தாண்டிக்குடிக்காரி. காப்பித் தோட்டத்துக்கு நடுவில் பட்டர் ஃப்ரூட் வைத்திருக்கிறோம். எங்கள் மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஹாரன். இங்கே வளைவுக்கு வளைவு சினிமாப் பாட்டு. மற்றபடி அதே குளிர், அதே மிளகுக்கொடி, அதே வாந்தி எடுக்கும் குழந்தை. கடல் தாண்டி வந்த மாதிரியே இல்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் பழ விவசாயிகள் சங்கம் ஒன்று இருந்தது. பெட்டிக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கி, திண்டுக்கல்லில் ஒரு கடை போட்டு விற்றோம். இரண்டு வருடத்தில் கடை படுத்துவிட்டது. இப்போது மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று பேச்சு. கலஹாவுக்குக் கீழே ஒரு ஊரில் விவசாயிகளே கட்டணம் போட்டுச் சபை நடத்துகிறார்களாம், யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை என்றார்கள். "பாக்கியம்தான் போகணும், அவளுக்குத்தான் வாய் இருக்கு" என்றார்கள். பாஸ்போர்ட்டும் எனக்குத்தான் இருந்தது.

பஸ் நின்ற இடத்தில் சபையின் தலைவர் ஹனீபா குடையோடு நின்றார். அறுபதைத் தாண்டியவர். ஊரில் தமிழர், சிங்களவர் எல்லாருக்கும் அவர் நானாதான். அண்ணன் என்பதை இங்கே முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "வாங்க தங்கச்சி. பயணம் சொகமா?" என்றார். பிக்கு இருக்கையில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். வீடு போய்ச் சேரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் குடைக்கு வெளியே நனைகிறேன் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி ஊருக்கே ராத்தா, அதாவது அக்கா. ராத்தா இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு இடியாப்பம் அதன் பக்கத்தில்கூட நிற்காது. கடைசியில் பட்டர் ஃப்ரூட்டைப் பிசைந்து கித்துள் பாணி என்கிற பாகை ஊற்றி ஒரு கிண்ணம் தந்தார். இங்கே அதற்கு ஆனைக்கொய்யா என்று பெயர். முப்பது வருடமாக இந்தப் பழத்தை விற்கிறேன், ஆசையாக ஒரு கிண்ணம் சாப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் விற்போமே தவிர வாயில் வைக்க மாட்டோம். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். ராத்தா நாலாவதற்கு எழுந்தபோதுதான் வெட்கம் வந்தது.

மறுநாள் காலை நானா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். 'ஆனைக்கொய்யா சந்தைப்படுத்தல் சபை' என்று பலகை. கொட்டகையை விடப் பலகை பெரிது. உள்ளே ஒரு தராசு, ஒரு நீள மேசை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள், யோகராணி. காய்களைத் தரம் பிரிப்பதும் அட்டைப் பெட்டியில் அடுக்குவதும் சபையின் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவள்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அந்த வேலையை விட்டிருக்கிறாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவளும் புருஷனும் ஒட்டுமரம் நட்டிருக்கிறார்கள்.

"இந்த வருஷம்தான் மொத காய்ப்புக்கா" என்றாள். "இன்னும் ரெண்டு மூணு நாள்ல பறிச்சிருவோம்."

சபை வருவதற்கு முன் லொறிக்காரர்கள் பூப் பூக்கும்போதே வந்து மரத்துக்கு மொத்த விலை பேசிவிடுவார்களாம். எவ்வளவு காய்த்தாலும் அந்த விலைதான். இப்போது கிலோ கணக்கு. கொழும்பில் ஒரு பெரிய கடை வாரம் இரண்டு தடவை வாங்குகிறது. அதற்கு வண்டி, அட்டைப் பெட்டி, யோகராணியின் சம்பளம், கடைகடையாக ஏறி இறங்கிப் பேசும் செலவு எல்லாம் வேண்டுமே. அதற்குத்தான் கட்டணம்.

கட்டணம் எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். "பெட்டிக்கு ஒரு காய்" என்றார் நானா.

எனக்குப் புரியவில்லை. "சல்லி கேட்டா எல்லாரும் மொகத்தத் திருப்புற. காய் கேட்டா ஒருத்தரும் இல்லண்டு செல்ல மாட்டாங்க" என்றார். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் விகாரைக்கும் முதல் விளைச்சலில் கொடுத்துப் பழகிய ஜனங்கள். அதே மாதிரி சபைக்கும் பெட்டிக்கு ஒரு காய். அந்தக் காய்களைச் சேர்த்து அடுக்கி, சபையின் பெயரில் விற்று, அந்தப் பணத்தில் எல்லாம் நடக்கிறது. கேட்டதும் எழுந்து கை தட்டலாம் போலிருந்தது. அட, நமக்கு இது தோன்றவில்லையே என்று வேகமாக எழுதிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் திலகரத்ன வந்தார். ஊரிலேயே அதிக மரம் வைத்திருக்கும் சிங்கள விவசாயி, வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலைப் பை. ஆறு பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொன்றிலும் கையை அடிவரை விட்டு ஒரு காயை எடுத்து, மூலையில் இருந்த கட்டணப் பெட்டியில் வைத்தார். அடுத்து வந்தவரும் அதேபோல அடியில் துழாவினார். நானாவும் தன் பெட்டியில் துழாவினார். இது என்னடா வழக்கம் என்று கட்டணப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன்.

ஒரு காயிலும் காம்பு இல்லை.

பட்டர் ஃப்ரூட்காரிக்கு இதை விளக்க வேண்டாம். தொரட்டியில் பறித்த காயில் ஒரு துண்டுக் காம்பு நிற்கும். தானாக விழுந்த காயில் காம்பு பிய்ந்து குழி இருக்கும். விழுந்த காய் இரண்டு நாளைக்குப் பச்சையாய், கல்லாய், லட்சணமாய் இருக்கும். பழுத்து வெட்டினால் உள்ளே கறுப்பு. யோகராணியைப் பார்த்தேன். அவள் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து கேட்டேன்.

"இதையெல்லாம் தரம் பாக்க மாட்டியா?"

"பெட்டிக் காய்னா பாப்பேன்க்கா. இது அவங்களா குடுக்குறதாச்சே. குடுத்தத எப்படிக்கா குத்தம் சொல்றது?"

"அப்ப அப்படியே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடறியா?"

"அப்படித்தான் வழக்கம்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அன்று மத்தியானமே கொழும்புக் கடையிலிருந்து நானாவுக்கு போன். இரண்டு அட்டைப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கொழும்பு ரோட்டில் பிலிமத்தலாவையில் இறக்கி வைத்திருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வியாபாரம் முடிந்தது. நானா கதிரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

அடுத்த நாள் நானும் அவரும் ஆட்டோவில் பிலிமத்தலாவைக்குப் போனோம். கண்டி ஏரியைப் பார்த்தாயா, தலதா மாளிகைக்குப் போனாயா என்று ஊரில் கேட்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். நான் பார்த்தது பிலிமத்தலாவையில் ஒரு கடை வாசலில் ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு அட்டைப் பெட்டிகள். திரும்பும்போது பாதி வழியில் ஆட்டோவின் டயர் பஞ்சர். ஆட்டோக்காரர் டயரைக் கழற்ற, மழை பிடித்துக்கொள்ள, அழுகல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பேக்கரிக் கூரைக்குக் கீழே நின்றேன். பேக்கரிக்காரர் இரக்கப்பட்டு மீன் பணிஸ் என்று ஒரு பன் தந்தார். சூடாக இருந்தது. பெட்டி நாற்றத்தையும் மீறி ருசித்தது.

"யாரோ விழுந்த காயக் கலந்திருக்காங்க. திலகரத்ன யோகராணிப் புள்ளயத்தான் குத்தம் செல்றார். ஞாயித்துக்கிழம கூட்டம் வெச்சு அவள நிப்பாட்டணுமாம்" என்றார் நானா.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, நேத்து உங்க பெட்டியில நீங்க துழாவி எடுத்த காய் எங்க விழுந்தது?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. "எல்லாரும் அப்படித்தானே தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார். "ஒரு காய்தானேண்டு நானும் நெனச்ச. இப்படி எல்லாம் ஒரே பெட்டியில சேருமெண்டு யோசிக்கல்ல." அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் கிடையாது. விழுந்த காய் வீணாகப் போகிறதே, சபைக்காவது ஆகட்டும் என்று ஐம்பது வீடும் தனித்தனியாக நினைத்திருக்கிறது. அந்த ஐம்பது காயும் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலர் பாடசாலையில் கூட்டம். குட்டிக் குட்டிக் கதிரைகளில் பெரிய பெரிய ஆட்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பேன். யோகராணி கடைசியில், கதவோரம் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

திலகரத்ன எழுந்து பேசினார். பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார். "அந்தப் பெண் கவனமில்லாமல் அடுக்கிவிட்டாள். அவளை நிறுத்துவோம். இந்தக் கட்டணமும் வேண்டாம், சபையும் வேண்டாம். லொறிக்காரனே பரவாயில்லை, அவனாவது வாசலுக்கு வருகிறான்." நாலைந்து தலைகள் ஆடின. நானா மேசையைப் பார்த்தபடி இருந்தார். ஒருத்தர் வாயைத் திறந்தால் அத்தனை பேர் பெட்டியும் வெளியே வரும். அதனால் ஒருத்தரும் திறக்கவில்லை.

விருந்தாளி பேசக் கூடாதுதான். சாப்பிட்ட வீட்டில் வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தலைப்பை இழுத்த இழுப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "நான் ஒன்னு சொல்லலாமா?" என்றேன். நானா தலையை ஆட்டினார்.

எங்கள் ஊரில் ஒரு மனுஷரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "எங்க மலையிலயும் சங்கம் இருந்துச்சு. திண்டுக்கல்லுல கடை. கடையில முருகேசன்னு ஒருத்தர். பெட்டிக்குச் சந்தா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பாதிப் பெட்டிய சங்கத்துக்குத் தெரியாம மதுரைக்கு ஏத்திவிட்டேன். சந்தா மிச்சம்னு. என்னை மாதிரியே இன்னும் பத்துப் பேரு. கடைக்குச் சரக்கு வரல. சரக்கு இல்லாத கடைக்கு யார் வருவா? முருகேசனுக்குச் சாமர்த்தியம் போதாதுன்னு சொல்லி நிப்பாட்டினோம். அன்னிக்கு அவர் வீட்டுக்குப் போயி, 'என்ன பண்றது தம்பி, நேரம் சரியில்ல'ன்னு ஆறுதல் சொன்னதும் நான்தான். அவர் பொண்டாட்டி எனக்குக் காப்பி குடுத்தா. குடிச்சிட்டு வந்தேன்."

அதோடு நிறுத்தினேன். யாரோ ஒருவர் நான் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை நின்றேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு ஒன்றே ஒன்று சேர்த்துக்கொண்டேன். "திரும்பி வந்த பெட்டி வெளிய இருக்கு. ஒரு காய்லயும் காம்பு கெடையாது. எடுத்துப் பாருங்க."

யாரும் எழுந்து பார்க்கப் போகவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதுல என்ட காயும் ஈக்கிது. புள்ள மேல பிழை இல்ல." அதைச் சிங்களத்திலும் அவரே சொன்னார். உட்காரும்போது அந்தக் குட்டிக் கதிரை கிறீச்சென்றது. ஒருத்தர் சிரித்தார், பிறகு இன்னும் இரண்டு பேர்.

திலகரத்ன வெகு நேரம் வெற்றிலைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்து சொன்னார், பக்கத்து மனிதர் மாற்றிச் சொன்னார்: "விகாரைக்கு வைக்கும்போது நல்ல காயாகப் பொறுக்கித்தான் வைக்கிறேன். இதற்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை." பெரிய மனிதர்தான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சரி, இனி என்ன செய்வது? எல்லாரும் நல்ல காயாகக் கொடுப்போம் என்றார் ஒருவர். அப்போதுதான் யோகராணி பேசினாள். கதவை விட்டு நகராமலே பேசினாள்.

"நான் போகணும்னா போறேன். இருக்கச் சொன்னா ஒரு விஷயம். இனிமே நீங்க குடுக்கக் கூடாது, நான் எடுப்பேன். எந்தப் பெட்டியிலயும் எந்தக் காய வேணும்னாலும் எடுப்பேன். அப்புறம் யாரும் என்னையக் கோவிக்கக் கூடாது." மூச்சு வாங்கினாள். "கொழுந்து நிறுக்கயில எங்க கூடையப் பாத்துத்தானே வாங்குனாங்க. நாங்களா ஒரு கைப்பிடி எடுத்துக் குடுக்கல."

கைதூக்கச் சொன்னார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மொத்தமாகக் கைகள் எழுந்தன. இரண்டு பேர் தூக்கவில்லை. அவர்களும் எழுந்து போகவில்லை. ராத்தா வீட்டிலிருந்து ஒரு பெரிய தட்டில் ரோல்ஸ் வந்தது. சண்டை போட வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு இரண்டு தின்றார்கள். திலகரத்ன எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அன்று மாலையே நானா கொழும்புக் கடைக்கு போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒரு தடவை பார்க்கிறோம் என்றார்களாம். ஒரு தடவை போதும் என்றார் நானா.

திங்கட்கிழமை மத்தியானம் நான் கிளம்ப வேண்டும். காலையில் கொட்டகைக்குப் போனேன். வழக்கத்தை விடக் கூட்டம். பெட்டி இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முதல் ஆளாக திலகரத்ன. யோகராணி குனிந்து, மேலே இருந்ததிலேயே கொழுத்த காயை, காம்போடு எடுத்தாள். "ஐயோ மகளே, அதையா!" என்று அவர் சிங்களத்தில் கத்தியது எனக்கே புரிந்தது. கொட்டகை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த பெட்டியில் கை வைத்தாள். ஐந்தாவது பெட்டிக்கு வரும்போது அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். நானாவின் பெட்டியில் அவள் எடுத்ததைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டணப் பெட்டி நிறைந்தபோது, முப்பது வருடத்தில் நானே அவ்வளவு நல்ல பெட்டி ஒன்றை அனுப்பியதில்லை என்று தோன்றியது.

எல்லாரும் போன பிறகு யோகராணி வெளியே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முக்கால் பெட்டிதான் இருந்தது. காய்கள் சிறியவை, ஒட்டுமரத்தின் முதல் காய்ப்பு. அவளும் புருஷனும் விடியற்காலையில் பறித்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்திருந்தாள்.

"என் பெட்டியில நானே எடுக்கக் கூடாதுல்ல. நீங்க எடுங்கக்கா."

குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு காய் மட்டும் நன்றாகத் தேறியிருந்தது. உருண்டு திரண்டு, மற்றதைப் போல இரண்டு மடங்கு. என் கை அதற்குப் போகவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சின்னக் காயை எடுத்தேன். காம்பு இருந்தது, குறை சொல்ல முடியாது.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "பாவம் பாத்து எடுக்காதீங்க" என்றாள். "இன்னிக்கு எல்லாரு பெட்டியிலயும் நான் எதை எடுத்தேன்னு அவங்க பாத்தாங்க."

பெரிய காயை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள், கொடுத்தேன். ஸ்டிக்கரை ஒட்டினாள். ஒட்டிய பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் திருப்பினாள், மறு பக்கம் திருப்பினாள். கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. பிறகு அதைக் கட்டணப் பெட்டியில், திலகரத்னவின் காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.